பாலத்து இறக்கத்தில் மினுக்கும் விளக்கும், சம்புக்குள் இருந்த தகடும்

கேள்வியைத் தாங்கள் எழுதியிருக்கும் வரிசையிலேயே ஒருமுறை எடுத்துச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தங்கள் தந்தையார் வைத்திருந்த பழைய பெட்ரோல் அம்பாசடரின் அடிப்பக்கம் உச்சிப்புளி அருகே ஒரு வேகத்தடையில் இடித்துச் சம்ப் (எஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் தொட்டி) உள்ளே ஒடுங்கியது. அதைக் கழற்றித் தட்டி நிமிர்த்தியவர், உள்ளே வெல்டிங் விட்டுத் தொங்கிக்கொண்டிருந்த ஓட்டைகள் உள்ள தகட்டை, "இதெல்லாம் ரேஸ் வண்டிக்குத்தான் வேண்டும்" என்று சொல்லி எடுத்துப் போட்டுவிட்டார். அதன் பிறகு, பாம்பன் பாலத்தில் மண்டபம் பக்கம் இறங்கும்போது முன்னால் போகிற வண்டி நின்று பிரேக் பிடிக்க நேர்ந்தால், எண்ணெய் அழுத்தம் குறைந்தால் எரிகிற ஆயில் விளக்கு ஒருமுறையோ இருமுறையோ மினுக்கி அணைகிறது. பட்டறையில் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிப் பார்த்ததில், சூடான எஞ்சின் ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் மெல்ல ஓடும்போது) சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டும் ஓட்ட வேகத்தில் 45 பவுண்டும் காட்டியது. தகடு இல்லாததுதான் காரணமா, பாலத்தின் சரிவா, அல்லது மெக்கானிக் சொல்வதுபோல் ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்கு ஒரு வாஷர் கொடுத்தால் சரியாகிவிடுமா என்பது தங்கள் கேள்வி. உண்மையில் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எண்ணெய் பம்பின் வாய்க்கு வந்து சேர்கிறதா என்பது ஒன்று. வந்து சேர்ந்த எண்ணெய் எஞ்சினுக்குள் எவ்வளவு எதிர்ப்பைச் சந்திக்கிறது என்பது மற்றொன்று. தகடு முதல் கேள்வியோடு மட்டுமே தொடர்புடையது. விளக்கோ இரண்டுக்கும் சேர்த்து எரியும். குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

மண்டபம், இராமேசுவரம் பக்கத்து விசைப்படகு எஞ்சின்களிலும், இந்த ஊர்களில் மிச்சமிருக்கும் பழைய கார்களிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கை வைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வண்டியை நேரில் பார்க்காமல் எழுதுவதால் எதை உறுதியாகச் சொல்கிறேன், எதை ஊகமாகச் சொல்கிறேன் என்பதை அங்கங்கே பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் அழுத்தம் என்பது என்ன என்பதைப் பார்த்துவிடலாம். ஆயில் பம்ப் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. எண்ணெயைத் தள்ளுவது மட்டுமே அதன் வேலை. தள்ளப்பட்ட எண்ணெய் மெயின் பேரிங் (கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்குவது), பிக் எண்ட் (கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் முனை), கேம் ஷாஃப்ட் பேரிங், ராக்கர் ஷாஃப்ட் ஆகியவற்றின் நூலிழை இடைவெளிகள் வழியாகப் பிதுங்கி வெளியேற வேண்டியிருப்பதால் எழுகிற எதிர்ப்பைத்தான் கேஜ் அழுத்தமாகக் காட்டுகிறது. இடைவெளி சற்றே கூடினாலும் கசிவு பன்மடங்காகும். மற்றவை எல்லாம் மாறாமல் இருக்க, இடைவெளி இரண்டு மடங்கானால் அதன் வழியே போகும் எண்ணெய் எட்டு மடங்காகும் என்பது கணக்கு. தேய்ந்த பேரிங் உள்ள எஞ்சினில் ஐட்லிங் அழுத்தம் விழுந்துவிடுவதற்கு இதுவே காரணம். சூடும் அப்படித்தான். 30 எண் எண்ணெய் 40 பாகை வெப்பத்தில் இருக்கும் கெட்டித்தன்மையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் 100 பாகையில் மிஞ்சும். ஆகவே காலையில் கிளப்பியதும் ஊசி உயர்ந்து நிற்பதை வைத்து எஞ்சின் நலமாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. அரை மணி நேரம் ஓட்டிய பிறகு காட்டுவதுதான் மெய்யான எண்.

இனி வாஷர் யோசனை. அது பயன்படாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ரிலீஃப் வால்வு என்பது அழுத்தம் ஒரு வரம்பைத் தாண்டும்போது திறந்து, மிகுதி எண்ணெயைச் சம்புக்கே திருப்பி விடுவதற்காக இருப்பது. 12 பவுண்டு ஐட்லிங்கில் அது முழுக்க மூடித்தான் இருக்கும். மூடியிருக்கிற கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டு என்ன ஆகப் போகிறது? வாஷர் கொடுத்தால் உயர்ந்த வேகத்தில் ஊசி இன்னும் மேலே போகும். பார்க்க மகிழ்ச்சியாக இருக்கும். பம்பின் பல்லுக்கும் ஃபில்டர் கிண்ணத்தின் ரப்பருக்கும் சுமை கூடும். விளக்கு மினுக்குவது மட்டும் அப்படியே இருக்கும். வால்வு இருக்கையில் தூசி சிக்கி அது மூடாமல் நின்றால் ஐட்லிங் அழுத்தமும் குறையும் என்பது உண்மை. அப்படியானால் வேண்டியது கழற்றிச் சுத்தம் செய்வதே.

தங்கள் எண்கள் மோசமானவை அல்ல. இந்த வண்டியின் 1489 சிசி எஞ்சின் பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனத்து வடிவமைப்பு, கிராங்கைத் தாங்குவது மூன்று மெயின் பேரிங்குகள். ஆயிரம் சுற்றுக்குப் பத்துப் பவுண்டு இருந்தால் போதும் என்பது பழைய பட்டறைக் கணக்கு. அதன்படி ஓட்டத்தில் 45 தாராளம். ஐட்லிங்கில் 12 என்பது புது எஞ்சினுக்குக் குறைவு, வயதான எஞ்சினுக்குக் கேவலமில்லை. ஆனால் விளக்கின் சுவிட்ச் பெரும்பாலும் 5 முதல் 7 பவுண்டுக்குள் மூடும்படி செய்யப்பட்டிருப்பதால், தங்களுக்கு ஐட்லிங்கில் கையிருப்பு வெறும் ஐந்தாறு பவுண்டுதான். பம்ப் ஒரே ஒரு மிடறு காற்றை விழுங்கினாலும் விளக்கு எரிந்துவிடும். இதையும் மனத்தில் வைத்துக்கொண்டு தகட்டுக்கு வருவோம்.

இராமநாதபுரம் சீமைக்காரர்களுக்குத் தகட்டின் வேலையை விளக்குவது எளிது. ஊருணியிலிருந்து தலைச்சுமையாகத் தண்ணீர் கொண்டுவரும் பெண்கள் குடத்து வாயில் ஒரு கொத்து இலையைப் போட்டுக்கொண்டு நடப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். இலை தண்ணீரின் அளவைக் கூட்டுவதில்லை. அலம்பலை மட்டும் அடக்குகிறது. சம்புக்குள் இருக்கும் தடுப்புத் தகடும் அதுவே. ஸ்ட்ரெய்னரை, அதாவது பம்ப் எண்ணெயை உறிஞ்சும் வாயில் உள்ள சல்லடையை, சுற்றியுள்ள எண்ணெய் ஒரேயடியாக முன்னுக்கோ பக்கவாட்டிலோ ஓடிவிடாமல் தடுத்து, ஓட்டைகள் வழியாக மெதுவாக மட்டும் போகவிடும். மேலேயிருந்து வழிந்துவரும் எண்ணெய் கீழே இறங்கவும் அதே ஓட்டைகள் வழிவிடும். ரேஸ் வண்டிகளில் கீல் வைத்த சிறு கதவுகளோடு இதையே விரிவாகச் செய்கிறார்கள் என்பது உண்மைதான். அதனால் சாதாரண வண்டிக்குத் தகடு வேண்டாம் என்று ஆகிவிடாது. தயாரிப்பாளர் காசு செலவழித்து ஒரு தகட்டை உள்ளே ஒட்டியிருந்தால் அழகுக்காக ஒட்டியிருக்க மாட்டார்.

எவ்வளவு அலம்பும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். பிரேக் பிடிக்கும்போது வேகம் குறையும் வீதம் புவியீர்ப்பில் பத்தில் நான்கு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று முன்வண்டி நின்றால் நாம் சாதாரணமாகப் பிடிக்கிற பிடி அது. அப்போது எண்ணெயின் மேற்பரப்பு ஏறத்தாழ 22 பாகை சாயும். சம்ப் 40 சென்டிமீட்டர் நீளம் என்றால், முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் 16 சென்டிமீட்டர் மட்ட வேறுபாடு வரப் பார்க்கும். உள்ளே எண்ணெயின் ஆழமே அவ்வளவு இராது. ஆகவே பின்புறம் தரை தெரிந்துவிடும். அதோடு நிற்பதுமில்லை. பிரேக்கைத் திடுமென மிதித்தால் முதல் அலை தன் நிலையான சாய்வையும் தாண்டி எழும்பித் திரும்பும். அந்த அளவுள்ள தொட்டியில் ஓர் அலை போய்த் திரும்ப ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும். விளக்கு ஒருமுறையோ இருமுறையோ மினுக்கி அணைகிறது என்று தாங்கள் எழுதியதைப் படித்தபோதே எனக்கு இந்த ஒரு விநாடிதான் நினைவுக்கு வந்தது. பாலத்தின் சரிவைப் பொறுத்தவரை, 20க்கு 1 என்றே வைத்துக்கொண்டாலும் அது 3 பாகைக்கும் குறைவு. தனியாக அது ஒன்றும் செய்யாது. பிரேக்கின் 22 பாகையோடு சேர்ந்து 24 ஆகிறது, அவ்வளவுதான். குற்றவாளி பாலமல்ல. படம் எடுக்க நடுப்பாலத்தில் வண்டியை நிறுத்துகிறவர்கள் பங்கு கொஞ்சம் உண்டு.

படகுக்காரர்கள் இதை என்னைவிட நன்றாக அறிவார்கள். சோழகக் காற்றுக் காலத்தில் படகு முன்னும் பின்னும் தூக்கிப் போடும்போது எஞ்சின் மணிக்கணக்காகச் சாய்ந்து சாய்ந்தே ஓட வேண்டியிருக்கிறது. விசைப்படகில் எஞ்சினையே பின்பக்கம் சற்றுத் தாழ்த்தி உட்கார வைப்பார்கள். அந்தச் சாய்வுக்கு ஏற்ப, எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கில் கோட்டைப் புதிதாகக் குறித்துக்கொள்ளாவிட்டால் அது காட்டுவது பொய்யளவு. தங்கள் வண்டிக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. சம்ப் முழுவதுமாக நிமிராமல் எங்காவது உள்வாங்கியே இருந்தால், டிப் ஸ்டிக் முழு அளவைக் காட்டும்போதும் உள்ளே எண்ணெய் குறைவாகத்தான் இருக்கும். காலியான சம்பில் அளந்து ஊற்றிப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடிக்க முடியும். ஒடுக்கு சரியாக ஸ்ட்ரெய்னருக்கு நேர் கீழே இருந்தால் அதைவிட மோசம். தரை மேலெழும்பி வாயை அடைத்து நிற்கும், வேகம் கூடும்போது பம்புக்கு மூச்சு முட்டும். ஸ்ட்ரெய்னருக்கும் தரைக்கும் கால் அங்குலத்திலிருந்து அரை அங்குலம் வரை இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம்.

இவ்வளவும் சொன்ன பிறகும், தகடு இல்லாததுதான் காரணம் என்று நான் இன்னும் அடித்துச் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பிரேக் பிடிக்கும்போது இரண்டு காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன. எண்ணெய் முன்னால் ஓடுகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுபடுவதால் எஞ்சின் ஐட்லிங்குக்கும் இறங்குகிறது. ஐந்தாறு பவுண்டு கையிருப்பு மட்டுமே உள்ள எஞ்சினில் இரண்டாவது காரியமே விளக்கை எரிய வைக்கலாம். இரண்டையும் பிரிக்க ஒரு வழி உண்டு. எஞ்சின் நன்றாகச் சூடானபின், சமதளச் சாலையில், பிரேக்கைத் தொடாமல் கிளட்சை மட்டும் மிதித்து எஞ்சினை ஐட்லிங்குக்கு விடுங்கள். அப்போதும் விளக்கு மினுக்கினால் தகட்டை மறந்துவிட்டு பேரிங், பம்ப், எண்ணெயின் தரம் ஆகியவற்றைப் பாருங்கள். அமைதியாக இருந்து, பிரேக் பிடித்தால் மட்டும் மினுக்கினால் எண்ணெய் அலம்பல்தான்.

மூன்றாவதாக ஒரு வாய்ப்பும் இருக்கிறது. கடற்கரையில் அதை முதலிலேயே பார்த்துவிட வேண்டும். ஆயில் விளக்கின் சுற்று மிக எளிது. அழுத்தம் குறைந்தால் சுவிட்ச் அந்த ஒயரை எஞ்சின் உடம்போடு சேர்த்து எர்த் செய்யும், விளக்கு எரியும். ஆகவே அந்த ஒயர் எங்காவது தோல் உரிந்து எஞ்சினைத் தொட்டாலும் விளக்கு எரியத்தான் செய்யும். எஞ்சின் மவுண்டிங் ரப்பர் இளகிய வண்டியில் பிரேக் பிடிக்கும்போது எஞ்சின் ஒரு குலுங்கு குலுங்கும். அந்த நேரத்தில் மட்டும் ஒயர் உரசும். உப்புக் காற்றில் ஒயரின் உறை வெடிப்பதும் டெர்மினல் பச்சை பூப்பதும் நம் பக்கத்தில் புதிதல்ல. இந்தக் காரணத்தால் விளக்கு எரிந்த ஒரு வண்டிக்கு நானே ஒருமுறை பம்ப் மாற்றிக் கொடுத்திருக்கிறேன்; விளக்கு தொடர்ந்து எரிந்தது, வண்டிக்காரர் பெருந்தன்மையானவர் என்பதால் தப்பித்தேன். ஆகவே பட்டறையில் நிற்க வைத்து கேஜ் பார்த்தது போதாது. நீளமான குழாய் கொடுத்து கேஜை உள்ளே கொண்டுவந்து, பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, ஓடுகிற வண்டியில் ஊசியைப் பார்க்கச் சொல்லுங்கள். விளக்கு எரியும்போது ஊசி விழாவிட்டால் பழுது ஒயரில்.

ஊசி எப்படி விழுகிறது என்பதும் பேசும். பிரேக்குக்கு மட்டும் சட்டென விழுந்து எழுந்தால் பம்பின் வாய் எண்ணெய்க்கு வெளியே தெரிகிறது. சூடு ஏற ஏற மெல்லத் தாழ்ந்தால் தேய்மானமும் இளகிய எண்ணெயும். எல்லா வேகத்திலும் நடுங்கிக்கொண்டே இருந்தால் எண்ணெயில் காற்று கலந்திருக்கிறது. இந்தக் கடைசி வகையைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தகடு இல்லாத குறையை ஈடுகட்ட அரை லிட்டர் அதிகமாக ஊற்றிக்கொள்ளலாம் என்று யாராவது தங்களுக்குச் சொல்லக்கூடும். நானும் தொடக்க காலத்தில் அப்படிச் செய்தவன்தான். இந்த எஞ்சினின் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 88.9 மில்லிமீட்டர். அப்படியானால் 3000 சுற்றில் கிராங்கின் பிக் எண்ட் பின்கள் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகத்தில் வட்டமடிக்கின்றன. மட்டம் உயர்ந்து அவற்றின் கையில் எண்ணெய் அகப்பட்டால் மத்து போட்டுக் கடைந்ததுபோல் நுரைத்துவிடும். நுரையைப் பம்ப் தள்ள முடியும். பேரிங்கால் அதன் மேல் நிற்க முடியாது. போதாக்குறைக்கு, இந்த எஞ்சினின் பின்புறத்தில் ரப்பர் சீல் கிடையாது. எண்ணெயைத் திருப்பி அனுப்பும் திருகு வரி மட்டுமே உண்டு. நின்ற இடத்தில் ஒரு பொட்டு வைக்காத அம்பாசடரை யாரும் பார்த்ததில்லை. அளவுக்கு மேல் ஊற்றினால் பொட்டு குளமாகிவிடும்.

இதற்குள் பேரிங் கெட்டிருக்குமோ என்ற தங்கள் கவலைக்கு வருகிறேன். இங்கே நான் சொல்லக்கூடியது பாதி உறுதி, பாதி ஊகம். உறுதியானது: ஓடுகிற பேரிங்கில் கிராங்கைத் தாங்குவது கேஜ் காட்டும் 45 பவுண்டு அல்ல. சுழற்சியாலேயே உருவாகிற எண்ணெய்ப் படலத்தின் அழுத்தம் அதைப் போலப் பல மடங்கு. பம்பின் வேலை அந்தப் படலத்துக்கு எண்ணெய் குறையாமல் ஊட்டுவது. எனவே சுமையில்லாமல் ஐட்லிங்கில் அரை விநாடி ஊட்டம் தடைபட்டதால் பேரிங் உடனே கருகிவிடாது. அதே தடை 3000 சுற்றில், சுமையோடு, ஒரு நீண்ட வளைவில் வந்தால் கதை வேறு. மணிக்கு 40 கிலோமீட்டரில் 30 மீட்டர் ஆரமுள்ள வளைவைத் திரும்பினாலே எண்ணெய் பக்கவாட்டில் 22 பாகைக்கு மேல் சாய்கிறது, அந்தச் சாய்வு வளைவு முடியும் வரை நீடிக்கவும் செய்கிறது. ஊகம்: தாங்கள் சொல்கிற அளவு மினுக்கலுக்குப் பெரிய சேதம் இருக்காது. இதைச் சோதிக்க, சம்பை இறக்கும்போது பழைய எண்ணெயை வெள்ளைத் துணியில் வடித்து வெயிலில் பாருங்கள். பொன்னிறமாகவோ செம்பு நிறமாகவோ மினுங்கும் பொடி இருந்தால் பிக் எண்ட் மூடிகளில் ஒன்றிரண்டைக் கழற்றி உள்ளிருக்கும் பேரிங் ஷெல்லின் முகத்தைப் பார்க்காமல் மூடாதீர்கள். கருப்பாக மட்டும் இருந்தால் அது வெறும் கரி.

தகட்டைத் திரும்ப மாட்டுவதுதான் என் கருத்து. பழைய தகடு கிடைக்காவிட்டால் 18 கேஜ் கனமுள்ள இரும்புத் தகட்டில் அதே வடிவில் வெட்டிக்கொள்ளலாம். அதை உருவாக்குவதில் நான் மூன்று இடங்களில் பிழை பார்த்திருக்கிறேன். ஓட்டைகளைச் சிறியதாகப் போட்டு விடுவார்கள். மேலிருந்து வடியும் எண்ணெய் தகட்டின் மேலேயே தேங்கிவிடும், கீழே பம்புக்குப் பஞ்சம். பாப் ரிவெட் அடித்து விடுவார்கள். அதிர்வில் இளகி அதன் துண்டு உள்ளே விழும். ஆகவே பித்தளைப் பற்றோ, முறையான வெல்டிங் புள்ளிகளோ வேண்டும். மூன்றாவது, தகடு கனெக்டிங் ராடின் பாதையில் இடிப்பது. தகட்டின் மேல் கொஞ்சம் சப்பாத்தி மாவை அப்பி, சம்பைப் பழைய பேக்கிங்கோடு தற்காலிகமாக மாட்டி, கிராங்கைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி இறக்கிப் பாருங்கள். ராடு கடந்துபோன தடத்தில் மாவின் கனம் 6 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மாவைத் துடைத்து எடுக்க மறந்துவிடாதீர்கள் என்று எழுதுவது வேடிக்கையாகத் தோன்றலாம், மறந்தவர் உண்டு. வெல்டிங் கசடு முழுவதையும் சுரண்டி டீசலில் கழுவிய பின், சம்பின் வெளிப்புறம் சாக்பீஸ் பொடியைப் பூசி உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ஓர் இரவு வையுங்கள். எங்கே ஊசித்துளை இருந்தாலும் காலையில் சாக்பீஸில் ஈரக்கறை தெரியும். நம் ஊர் உப்புக் காற்றில் சம்ப் வெளியிலிருந்து அரித்துப் போயிருப்பது சாதாரணம் என்பதால், தட்டி நிமிர்த்திய தகரத்துக்கு இந்தச் சோதனை கட்டாயம்.

எண்ணெயைப் பொறுத்தவரை, இந்த வெயிலுக்கும் இந்த வயதுக்கும் 20-50 எண் எண்ணெய் பொருத்தம். இப்போது அதைவிட இளகியதை ஊற்றியிருந்தால் மாற்றியதுமே ஐட்லிங் அழுத்தம் ஓரிரு பவுண்டு ஏறக்கூடும். அதற்கும் மேல் கெட்டியாகப் போவதை நான் விரும்புவதில்லை; அழுத்தம் ஏறுவதுபோல் காட்டும், ஆனால் விடியற்காலையில் கிளப்பும்போது ஸ்ட்ரெய்னர் வழியே ஏற மறுக்கும்.

எல்லாம் முடிந்த பின் சோதிப்பதற்கு முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை போகும் நேர்சாலையை விடக் காலியான சாலை காலை வேளையில் கிடைக்காது என்று தோன்றும். கேஜை ஒருவர் பார்த்திருக்க, 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து, பின்னால் யாரும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, நான்கைந்து முறை பிரேக் பிடித்துப் பாருங்கள். ஆனால் காற்று மணலை அள்ளிச் சாலையில் பரப்பியிருக்கும் இடத்தில் மட்டும் செய்யாதீர்கள். ஆபத்து என்பது ஒருபுறம் இருக்க, மணலில் சக்கரம் வழுக்கினால் வண்டியின் வேகம் போதிய அளவு சட்டெனக் குறையாது, எண்ணெயும் முன்னே ஓடாது. ஊசி அசையாமல் நிற்பதைப் பார்த்து வேலை முடிந்துவிட்டது என்று நம்பி வீடு திரும்பிவிடுவீர்கள்.